கெர்னல் கேள்வி–பதில்: ஹேண்டில் யாருடையது, உரிமை எவ்வளவு?

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை விண்டோஸ் டிரைவர் எழுதுபவர்களிடமிருந்து. சுற்றிச் சுற்றி ஒரே ஃபங்ஷனில்தான் வந்து நிற்கின்றன: ஆப்ரெஃபரன்ஸ்ஆப்ஜெக்ட்பைஹேண்டில். ஹேண்டில் என்பது கோப்பு, பிராசஸ் போன்ற ஒரு பொருளைத் திறந்தவருக்கு விண்டோஸ் தரும் எண். அந்த எண்ணைப் பொருளின் நினைவக முகவரியாக, அதாவது பாயின்டராக மாற்றி, ‘இது பயன்பாட்டில் இருக்கிறது’ என்று கணக்கில் ஒரு ரெஃபரன்ஸையும் ஏற்றுவது இந்த ஃபங்ஷனின் வேலை. ஒவ்வொரு முறையும் முழுப் பெயரை எழுதினால் பக்கம் போதாது. கீழே ‘பைஹேண்டில்’ என்றே சுருக்கியிருக்கிறோம். அதற்குத் தர வேண்டிய ஆறு பாராமீட்டர்கள் வரிசையாக: ஹேண்டில், டிசையர்டு ஆக்சஸ், ஆப்ஜெக்ட் டைப், ஆக்சஸ் மோட், பாயின்டர் வந்து சேர வேண்டிய இடம், கடைசியாக ஹேண்டில் இன்ஃபர்மேஷன். டிரைவர்கள் கடைசியானதை நல் (வெற்று மதிப்பு) என்று விட்டுவிடலாம். மற்ற ஐந்தில் எதையும் அலட்சியமாக விட முடியாது.

கேள்வி: எங்கள் அப்ளிகேஷன் ஓர் ஈவென்ட்டை (காத்திருப்பவருக்கு சிக்னல் கொடுக்க உதவும் பொருள்) உருவாக்கி, அதன் ஹேண்டிலை ஐஓசிடிஎல் (டிரைவருக்கு அப்ளிகேஷன் அனுப்பும் கட்டளை) வழியாக டிரைவருக்கு அனுப்புகிறது. டிரைவர் அதை வரிசையில் போட்டுவைத்து, பிறகு ஒர்க்கர் திரெட்டில் (பின்னணியில் வேலை செய்யும் திரெட்) பைஹேண்டிலை அழைக்கிறது. சில சமயம் ‘இன்வேலிட் ஹேண்டில்’, சில சமயம் ‘ஆப்ஜெக்ட் டைப் மிஸ்மேட்ச்’ என்று பிழை வருகிறது. அச்சிட்டுப் பார்த்தால் இரு பக்கமும் அதே 148தான். எங்கே தவறு?

பதில்: எண் ஒன்றுதான், அதைத் தேடும் அட்டவணை வேறு. கோயில் வாசலில் செருப்புக்குத் தரும் டோக்கன் மாதிரி: அடுத்த கோயிலில் அதே எண்ணை நீட்டினால் வேறு யாருடைய செருப்போ வரும், அல்லது ஒன்றும் வராது. விண்டோஸில் ஒவ்வொரு பிராசஸுக்கும் தனி ஹேண்டில் டேபிள் உண்டு. ஹேண்டில்கள் நான்கின் மடங்காக வருவதால் 148 என்பது அந்த டேபிளின் 37-வது இடம். உங்கள் ஒர்க்கர் திரெட் ஓடுவது சிஸ்டம் பிராசஸில். அங்கே 37-வது இடம் காலியாக இருந்தால் முதல் பிழை; வேறு வகைப் பொருள் இருந்தால் இரண்டாவது பிழை. பிழை வந்தவரை நல்லது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலும் ஓர் ஈவென்ட் இருந்துவிட்டால் பிழை காட்டாமலேயே அது கிடைத்துவிடலாம். பிறகு சிஸ்டத்தின் வேறொரு பகுதி காத்திருக்கும் ஈவென்ட்டை உங்கள் டிரைவர் தட்டி எழுப்பும்.

எனவே ஹேண்டிலைப் பாயின்டராக மாற்றும் வேலை, அதை அனுப்பிய பிராசஸின் சூழலிலேயே முடிய வேண்டும். ஐஓசிடிஎல்லைக் கையாளும் டிஸ்பாட்ச் ஃபங்ஷனின் முதல் வரிகள்தான் அதற்கு இடம். அதுவும் டிரைவர் அடுக்கில் உங்களுடையது மேலே இருந்தால்தான்; கீழே இருந்தால், மேலே உள்ளவர் வேண்டுகோளை வேறு திரெட்டுக்கு மாற்றியிருக்கக்கூடும். ஐஆர்க்யூஎல் (பிராசஸரின் அப்போதைய முன்னுரிமை நிலை) மிகக் கீழான பாஸிவ் லெவலாக இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். டிபிசி-க்குள்ளிருந்தோ (இன்டரப்ட்டுக்குப் பின் உயர் நிலையில் ஓடும் நிரல்) ஸ்பின்லாக்கை (கெர்னலின் ஒருவகைப் பூட்டு) பிடித்துக்கொண்டோ பைஹேண்டிலை அழைக்கக் கூடாது. கிடைத்த பாயின்டரை வரிசையில் போடுங்கள். கெர்னல் பாயின்டர் எந்தப் பிராசஸிலிருந்து பார்த்தாலும் அதே பொருளைத்தான் காட்டும்.

இன்னொரு சிறு கண்ணி: ஹேண்டிலின் கடைசி இரண்டு பிட்களை சிஸ்டம் பார்ப்பதில்லை. 148, 149, 150, 151 நான்கும் ஒரே இடத்தையே குறிக்கும். ‘இந்த ஹேண்டில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா’ என்று எண்ணை வைத்து ஒப்பிடும் நிரலை இப்படி எளிதில் ஏமாற்றலாம். ஒப்பிடுவதானால் பாயின்டரை ஒப்பிடுங்கள்.

கேள்வி: ஆக்சஸ் மோடில் யூசர்மோட் கொடுத்தால் ‘ஆக்சஸ் டினைட்’ வருகிறது. கெர்னல்மோட் கொடுத்தால் உடனே ஓடுகிறது. டிரைவர் கெர்னலில்தானே ஓடுகிறது, கெர்னல்மோட் என்று கொடுப்பதுதானே சரி?

பதில்: சரியல்ல. இந்தத் தொகுப்பில் உள்ளவற்றில் ஆபத்தான பழக்கம் இதுதான். அந்தப் பாராமீட்டர் கேட்பது ‘நீ எங்கே ஓடுகிறாய்’ என்பதை அல்ல. ‘இந்த ஹேண்டில் யாரிடமிருந்து வந்தது’ என்பதை.

விண்டோஸ் எப்போது உரிமையைச் சரிபார்க்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும். அப்ளிகேஷன் ஒரு பொருளைத் திறக்கும்போது, அந்தப் பயனரின் டோக்கனையும் (அவர் யார் என்ற அடையாளம்) பொருளின் செக்யூரிட்டி டிஸ்கிரிப்டரையும் (யாருக்கு என்ன அனுமதி என்ற பட்டியல்) வைத்து முழுச் சோதனை ஒருமுறை நடக்கிறது. அதில் கிடைத்த உரிமைகள் ஒரு மாஸ்க்காக (ஒவ்வொரு பிட்டும் ஓர் உரிமை) ஹேண்டில் டேபிளின் அந்த இடத்தில் பதிவாகின்றன. அதன்பின் அந்த ஹேண்டிலைக் கொண்டு எதைச் செய்தாலும், கேட்கும் பிட்கள் எல்லாம் பதிவான மாஸ்க்கில் இருக்கின்றனவா என்ற ஒப்பீடு மட்டுமே. பைஹேண்டில் செய்வதும் அதுவே, யூசர்மோட் என்று சொன்னால். கெர்னல்மோட் என்று சொன்னால் அந்த ஒப்பீடு நடக்காது.

விளைவு என்ன? சாதாரணப் பயனர் இன்னொரு பிராசஸை ‘குவெரி லிமிடெட் இன்ஃபர்மேஷன்’ என்ற மிகக் குறைந்த உரிமையோடு திறக்கிறார் என்று வையுங்கள். பெயர், ஓடிய நேரம் போன்றவற்றை மட்டும் பார்க்க உதவும் ஹேண்டில் அது. அதை உங்கள் டிரைவரிடம் கொடுத்து ‘இந்தப் பிராசஸின் நினைவகத்தில் இதை எழுது’ என்கிறார். கெர்னல்மோட் கொடுத்த டிரைவர் மறுபேச்சில்லாமல் எழுதிவிடும். உயர் அதிகாரப் பிராசஸில் எழுத முடிந்தால் அந்த இயந்திரம் அவர் கையில்.

இரண்டாவது ஓட்டை: கெர்னல் தனக்கென்று வைத்திருக்கும் ஹேண்டில்கள் சிஸ்டம் பிராசஸின் டேபிளில் இருக்கின்றன, அவற்றின் மேல் பிட் எரிந்திருக்கும், அதாவது அவை எதிர்ம எண்கள். யூசர்மோட் என்றால் பைஹேண்டில் அவற்றை ஏற்காது. கெர்னல்மோட் என்றால் ஏற்கும். அப்ளிகேஷனிலிருந்து யாராவது அப்படி ஓர் எண்ணை ஊகித்து அனுப்பினால், கெர்னலின் சொந்தப் பொருளின் மீது உங்கள் டிரைவர் கைவைக்கும்.

உங்களுக்கு வந்த ‘ஆக்சஸ் டினைட்’ நியாயமானது. அப்ளிகேஷன் பக்கம் பாருங்கள். ஓபன்ஈவென்ட்டை ‘சிங்க்ரனைஸ்’ உரிமையோடு மட்டும் அழைத்திருப்பீர்கள். அது காத்திருக்கப் போதும், சிக்னல் செய்யப் போதாது. அதோடு ‘ஈவென்ட் மாடிஃபை ஸ்டேட்’ என்பதையும் கேட்டுத் திறந்தால் யூசர்மோடிலேயே ஓடும்.

வேறொரு டிரைவரும் உங்களை அழைக்கக்கூடும் என்றால் நிலையாக யூசர்மோட் போட முடியாது. அப்போது ஐஆர்பி-யில் (வேண்டுகோளின் விவரங்களைச் சுமக்கும் ஸ்ட்ரக்சர்) உள்ள ரிக்வெஸ்டர்மோட் மதிப்பைக் கொடுங்கள். எக்ஸ்கெட்பிரீவியஸ்மோட் இதற்கு மாற்று ஆகாது. அது இப்போது ஓடும் திரெட்டின் நிலையைச் சொல்வது. வேண்டுகோள் அனுப்பியவரின் நிலையை அல்ல. சோதனையின்போது, டிரைவர்களின் தவறுகளைப் பிடிக்கும் விண்டோஸ் கருவியான டிரைவர் வெரிஃபையரை இயக்கிவையுங்கள். யூசர் ஹேண்டிலைக் கெர்னல்மோடில் எடுத்தால், பக்செக் சி4, முதல் பாராமீட்டர் எஃப்6 என்று நீலத்திரை காட்டி நிறுத்திவிடும்.

கேள்வி: டிசையர்டு ஆக்சஸில் பூஜ்யம் போடலாமா? ஒரு மாதிரி நிரலில் அப்படித்தான் இருந்தது. ஜெனரிக் ரீட் (எல்லா வகைப் பொருளுக்கும் பொதுவான ‘படிக்கும்’ உரிமை) போட்டுப் பார்த்தேன், வேலை செய்யவில்லை.

பதில்: பூஜ்யம் என்றால் ‘எந்த உரிமையும் தேவையில்லை’ என்று பொருள். எந்த ஹேண்டிலும் அந்தச் சோதனையைத் தாண்டிவிடும். யூசர்மோட் போட்ட பயன் பாதி போயிற்று. அந்தப் பொருளை வைத்து என்ன செய்யப்போகிறீர்களோ அதற்குரிய பிட்டைக் கேளுங்கள்: ஈவென்ட்டை சிக்னல் செய்ய ஹெக்ஸ் 2, பிராசஸை நிறுத்த ஹெக்ஸ் 1, பிராசஸ் நினைவகத்தைப் படிக்க ஹெக்ஸ் 10, எழுத ஹெக்ஸ் 20. எண்ணை நேரடியாக எழுதாமல் ஹெடர் கோப்பில் உள்ள பெயரைப் பயன்படுத்துங்கள். ஈவென்ட்டின் 2-ம் கோப்பின் 2-ம் வேறுவேறு அர்த்தம் கொண்டவை.

ஜெனரிக் உரிமைகள் பொருளைத் திறக்கும்போதே அந்தந்த வகைக்குரிய குறிப்பிட்ட பிட்களாக மாற்றப்பட்டுவிடுகின்றன. பதிவாகும் மாஸ்க்கில் ஜெனரிக் பிட் இருப்பதே இல்லை. அதைக் கேட்டால் யூசர்மோடில் ‘ஆக்சஸ் டினைட்’ உறுதி.

ஆப்ஜெக்ட் டைப்பிலும் நல் போடும் பழக்கம் வேண்டாம். ஈவென்ட் என்று நம்பி வாங்கிய பாயின்டர் உண்மையில் கோப்புப் பொருளாக இருந்து, ஈவென்ட்டை சிக்னல் செய்யும் கேஇசெட்ஈவென்ட் அதன் மீது எழுதினால், கிராஷ் வேறெங்கோ வேறெப்போதோ நடக்கும். காரணம் தேடிச் சலித்துப்போவீர்கள்.

கேள்வி: கோப்பின் அனுமதியை மாற்றி ஒரு பயனரை நீக்கிவிட்டேன். ஆனால் அவர் ஏற்கெனவே திறந்துவைத்திருந்த நிரல் இன்னும் படித்துக்கொண்டே இருக்கிறது. இது பிழையா?

பதில்: இல்லை. சோதனை திறக்கும்போது முடிந்துவிட்டது. ஹேண்டில் மூடப்படும்வரை பழைய மாஸ்க் செல்லும். யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸிலும் அப்படித்தான், திறந்த பிறகு செய்யும் சிஎச்மாட் (அனுமதியை மாற்றும் கட்டளை) அந்த டிஸ்கிரிப்டரை (அங்கே ஹேண்டிலுக்கு நிகரான எண்) பாதிக்காது. என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு முறை மாதிரி, சர்வர் ஒவ்வொரு வேண்டுகோளையும் தனியே சோதிக்கக்கூடிய இடங்களில் மட்டும் நடத்தை மாறலாம். உடனே தடுக்க வேண்டுமென்றால் அந்தப் பிராசஸை நிறுத்துவதுதான் வழி.

கேள்வி: பைஹேண்டிலால் வகையையும் உரிமையையும் சோதித்துவிட்டு, உடனே ரெஃபரன்ஸை விடுவித்து, பிறகு அதே ஹேண்டிலை இசட்டபிள்யூ ஃபங்ஷனுக்கு (கெர்னலுக்குள்ளிருந்து அழைக்கும் சிஸ்டம் சேவை) அனுப்புகிறோம். நிரலைப் பரிசீலித்தவர் இதை ஏற்க மறுக்கிறார். சோதனைதான் செய்துவிட்டோமே?

பதில்: அவர் மறுத்தது சரி. நீங்கள் சோதித்தது பொருளை. பிறகு அனுப்பியது எண்ணை. இடையே அதே அப்ளிகேஷனின் இன்னொரு திரெட் அந்த ஹேண்டிலை மூடி, வேறொரு பொருளைத் திறக்கலாம். காலியான எண்ணை விண்டோஸ் விரைவிலேயே மறுபடி தரும். தாக்குபவர் இதை ஒரு சுழலில் திரும்பத் திரும்பச் செய்தால் ஒருமுறையாவது இடைவெளியில் சிக்கும். இசட்டபிள்யூ அழைப்பு முந்தைய மோடைக் கெர்னல் என்று மாற்றிக்கொண்டு போவதால், இரண்டாவது பொருளுக்கு உரிமைச் சோதனையும் கிடையாது.

வழி இதுதான். ஹேண்டில் எண்ணை முதலில் உள்ளூர் மாறிக்கு நகலெடுங்கள். மெத்தட் நெய்தர் (பயனரின் பஃபரை நகலெடுக்காமல் அப்படியே தரும்) வகை ஐஓசிடிஎல் என்றால் இது கட்டாயம், ஏனெனில் பயனரின் பஃபர் இரண்டு வாசிப்புகளுக்கு நடுவே மாறக்கூடும். பைஹேண்டிலை ஒருமுறை மட்டும், யூசர்மோடில், சரியான வகையும் உரிமையும் கேட்டு அழையுங்கள். பாயின்டரை வைத்தே வேலை முடியுமென்றால் அதோடு சரி. இசட்டபிள்யூ ஃபங்ஷனுக்கு ஹேண்டில்தான் வேண்டும் என்றால், அந்தப் பாயின்டரிலிருந்து ஆப்ஓபன்ஆப்ஜெக்ட்பைபாயின்டர் மூலம் உங்களுக்கென ஒரு கெர்னல் ஹேண்டில் எடுங்கள். ஆட்ரிபியூட்டில் ‘ஓபிஜே கெர்னல் ஹேண்டில்’ இருக்க வேண்டும். அந்தக் கொடி இல்லாவிட்டால் புதிய ஹேண்டில் அப்ளிகேஷனின் டேபிளிலேயே போய் உட்காரும், அதை அப்ளிகேஷன் மூடவும் மாற்றவும் முடியும். வேலை முடிந்ததும் கெர்னல் ஹேண்டிலை இசட்டபிள்யூகுளோஸ் கொண்டு மூடி, பாயின்டரை ஆப்டிரெஃபரன்ஸ்ஆப்ஜெக்ட் கொண்டு விடுங்கள். இரண்டும் தனித்தனிக் கணக்கு, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

அப்ளிகேஷன் தந்த ஹேண்டிலை நீங்கள் மூட வேண்டாம். திறந்தவர் மூடட்டும். மூடிய கெர்னல் ஹேண்டிலை மறுபடி மூடினால் பக்செக் ஹெக்ஸ் 93 வரும். மூட மறந்தால், டாஸ்க் மேனேஜரில் ஹேண்டில்ஸ் பத்தியைச் சேர்த்துப் பாருங்கள், சிஸ்டம் வரியில் எண் ஏறிக்கொண்டே போவது தெரியும்.

கேள்வி: பயனர் தரும் கோப்புப் பெயரை எங்கள் டிரைவர் இசட்டபிள்யூகிரியேட்ஃபைல் கொண்டு திறக்கிறது. இங்கே ஹேண்டிலே வரவில்லையே, பிரச்சினை உண்டா?

பதில்: இன்னும் பெரிய பிரச்சினை. டிரைவரிலிருந்து இப்படித் திறந்தால் அனுமதிச் சோதனை இயல்பாக நடக்காது. பயனர் தனக்கு உரிமையில்லாத எந்தக் கோப்பின் பெயரையும் தரலாம். ‘ஓபிஜே ஃபோர்ஸ் ஆக்சஸ் செக்’ கொடியைச் சேர்த்தால் சோதனை நடக்கும். ஆனால் அந்தச் சோதனை அப்போது ஓடும் திரெட்டின் டோக்கனை வைத்து நடக்கிறது. வேலையை ஒர்க்கர் திரெட்டுக்குத் தள்ளிவிட்டால் அங்கே இருப்பது சிஸ்டம் டோக்கன். கொடி இருந்தும் கதவு திறந்தே கிடக்கும். அழைத்தவரின் திரெட்டிலேயே திறங்கள். அதைவிட நல்லது, அப்ளிகேஷனே திறந்து ஹேண்டிலைத் தருவது.

கேள்வி: பக்செக் ஹெக்ஸ் 18 அடிக்கடி வருகிறது. டீபக்கரில் பொருளைப் பார்த்தால் பாயின்டர் கவுன்ட் 32 ஆயிரத்துச் சொச்சம். இவ்வளவு ரெஃபரன்ஸ் யார் எடுத்தது?

பதில்: யாரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு எண்ணிக்கை உண்டு: திறந்திருக்கும் ஹேண்டில்கள் எத்தனை, மொத்த ரெஃபரன்ஸ்கள் எத்தனை. விண்டோஸ் 8.1 முதல், ஒவ்வொரு ஹேண்டிலுக்கும் ரெஃபரன்ஸ்களைக் கூட்டமாக முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பிலும் பொது எண்ணிக்கையைத் தொட வேண்டாம் என்பதற்காக. அந்த ஒதுக்கீடும் சேர்ந்துதான் உங்களுக்குத் தெரிகிறது. டீபக்கரின் ட்ரூரெஃப் கட்டளை உண்மையான எண்ணைத் தரும்.

பக்செக் 18 பெரும்பாலும் ஒருமுறை எடுத்து இருமுறை விட்டதன் விளைவு. வழக்கமான இடம், பிழை வந்தால் தாவும் சுத்தப்படுத்தும் பகுதி: அங்கே ஒருமுறை விடுவிக்கிறது, பிறகு கிளீனப் ஃபங்ஷன் மறுபடி விடுவிக்கிறது. மறுபக்கம், எடுத்து விடாமல் போனால் கிராஷ் வராது. பொருள் நினைவகத்தில் தங்கிவிடும். அது பிராசஸ் பொருளாக இருந்தால், முடிந்துபோன பிராசஸின் கூடு சிஸ்டத்தை அணைக்கும்வரை கிடக்கும்.

ஈவென்ட் விஷயத்தில் விடுவிக்க ஏற்ற இடம், டிரைவரை நோக்கித் திறந்த கடைசி ஹேண்டில் மூடப்படும்போது வரும் கிளீனப் ஐஆர்பி. அப்ளிகேஷன் கிராஷ் ஆனாலும் அது வரும். சிக்கல் என்னவென்றால், அதே நொடியில் டிபிசி அந்த ஈவென்ட்டை சிக்னல் செய்துகொண்டிருக்கலாம். பாயின்டரை ஒரு ஸ்பின்லாக்கின் கீழ் வையுங்கள். கேஇசெட்ஈவென்ட்டின் கடைசிப் பாராமீட்டர் ஃபால்ஸ் என்றால் அதை டிஸ்பாட்ச் லெவலில் அழைக்கலாம், ஆகவே டிபிசி லாக்குக்குள்ளேயே சிக்னல் செய்யட்டும். கிளீனப் லாக்கைப் பிடித்து, பாயின்டரை உள்ளூர் மாறிக்கு மாற்றி, இடத்தை நல் ஆக்கி, லாக்கை விட்ட பிறகு விடுவிக்கட்டும். லாக்குக்குள் விடுவிக்காதீர்கள்: அதுவே கடைசி ரெஃபரன்ஸாக இருந்தால் பொருளை அழிக்கும் வேலை அங்கேயே தொடங்கிவிடும், அது உங்கள் லாக்கையே கேட்டால் முட்டுக்கட்டை. வேறு வழியில்லை என்றால் ‘டிஃபர் டிலீட்’ வகை விடுவிப்பு இருக்கிறது, அழிப்பை ஒத்திப்போடும்.

எங்கே எண்ணிக்கை தப்புகிறது என்று கண்ணால் தேடுவதைவிட, விண்டோஸ் 7 முதல் உள்ள ‘வித்டேக்’ வகை ஃபங்ஷன்களுக்கு மாறுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நான்கு எழுத்து டேக் கொடுத்து, ஜிஃபிளாக்ஸ் கருவியில் ஆப்ஜெக்ட் ரெஃபரன்ஸ் டிரேசிங்கை இயக்கினால், டீபக்கரின் ஆப்டிரேஸ் கட்டளை எந்த டேக் எத்தனை எடுத்தது, எத்தனை விட்டது என்று ஸ்டாக்கோடு காட்டும்.

கேள்வி: 64 பிட் விண்டோஸில் 32 பிட் அப்ளிகேஷன் அனுப்பும் ஹேண்டில் குப்பையாக வருகிறது.

பதில்: ஸ்ட்ரக்சரில் ஹேண்டில் என்ற டைப்பையே போட்டிருப்பீர்கள். அங்கே 4 பைட், இங்கே 8. பின்னால் வரும் எல்லாமே இடம் பெயர்ந்துவிடும். இரு பக்கமும் நிலையான 64 பிட் எண்ணாக அறிவித்து, டிரைவரில் ஹேண்டிலாக மாற்றிக்கொள்ளுங்கள். பழைய அப்ளிகேஷனை மாற்ற முடியாது என்றால் ஐஓஇஸ்32பிட்பிராசஸ் கொண்டு கண்டறிந்து, தனி ஸ்ட்ரக்சராகப் படியுங்கள். பஃபரின் நீளத்தைச் சரிபார்க்கும்போதும் அந்த 32 பிட் ஸ்ட்ரக்சரின் அளவைத்தான் ஒப்பிட வேண்டும்.

கேள்வி: லினக்ஸ் மாட்யூலில் இதே வேலையை எப்படிச் செய்வது?

பதில்: ஈவென்ட்டுக்கு நிகர் ஈவென்ட்எஃப்டி. அப்ளிகேஷன் தரும் எண்ணை ஐஆக்டல் (ஐஓசிடிஎல்லுக்கு லினக்ஸில் நிகர்) கையாளும் ஃபங்ஷனிலேயே ஈவென்ட்எஃப்டி_சிடிஎக்ஸ்_எஃப்டிகெட் என்பதற்குக் கொடுங்கள். அது வகையையும் தானே சோதிக்கும், ஈவென்ட்எஃப்டி இல்லையென்றால் ‘இன்வால்’ பிழை. லினக்ஸின் மெய்நிகர் இயந்திர வசதியான கேவிஎம் இப்படித்தான் செய்கிறது. முடிந்ததும் அதற்கு இணையான புட்.

பொதுவான கோப்பு என்றால், ரெஃபரன்ஸை எடுக்கும் எஃப்கெட், விடும் எஃப்புட் ஜோடி. இங்கே கவனம்: எஃப்கெட்டிடம் தேவையான உரிமையைச் சொல்ல இடமில்லை. எழுதப்போகிறீர்கள் என்றால் எஃப்_மோடில் எஃப்மோட் ரைட் பிட் இருக்கிறதா என்று நீங்களே பார்க்க வேண்டும். உங்கள் மாட்யூலின் கோப்பா என்பதை எஃப்_ஆப் பாயின்டரை ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள். எழுதும் அழைப்பில் அதிகாரத்தைச் சோதிப்பதானால், இப்போது ஓடுபவரின் கிரெடென்ஷியலை அல்ல, கோப்பைத் திறந்தவருடைய எஃப்_கிரெட்டைப் பாருங்கள்; சாதாரணப் பயனர் திறந்த டிஸ்கிரிப்டரை செட்யுஐடி (கோப்பின் உரிமையாளருடைய அதிகாரத்தில் ஓடும்) நிரலின் வெளியீடாக மாட்டிவிட்டு, ரூட் கையால் எழுதவைக்கும் பழைய வித்தை ஒன்று உண்டு.

லினக்ஸில் ரெஃபரன்ஸை விட மறந்தால் விளைவு விண்டோஸைவிட மோசமாகலாம். 2016 ஜனவரியில் வெளியான சிவிஇ-2016-0728 என்ற பாதுகாப்புக் குறைபாடு அப்படி ஒன்று. ரகசியச் சாவிகளைப் பாதுகாக்கும் கீரிங் நிரலில், பிழை வழி ஒன்றில் ரெஃபரன்ஸை விடவில்லை. 32 பிட் எண்ணியை 429 கோடிக்கும் மேற்பட்ட முறை ஏற்றி மீண்டும் பூஜ்யத்துக்குச் சுற்றவைத்து, பயன்பாட்டில் இருக்கும் பொருளை விடுவிக்கச்செய்து, ரூட் அதிகாரம் வரை போக முடிந்தது. 2017-இல் வந்த 4.11 கெர்னலில் ரெஃப்கவுன்ட்_டி என்ற தனி டைப் சேர்ந்தது. அது எல்லையைத் தொட்டால் சுற்றி வராமல், அங்கேயே நின்று எச்சரிக்கை எழுதும். உங்கள் சொந்த ஸ்ட்ரக்சர்களில் ரெஃபரன்ஸ் எண்ணிக்கைக்கு அட்டாமிக்_டி (இந்தப் பாதுகாப்பு இல்லாத எண்ணி) இருந்தால், ரெஃப்கவுன்ட்_டி-க்கு மாற்றிவிடுங்கள்.